தாய் எலியின் கடிகாரத்தை நிறுத்தும் குட்டிகள்

மாணவர்களே, முதலில் ஒரு சின்னக் கணக்கு.

எலியின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 22 நாள். குட்டிகள் பாலை மறக்க ஏறத்தாழ 21 நாள் ஆகும். குட்டி ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே தாய் எலி மறுபடியும் இணை சேர்ந்து கருத்தரிக்க முடியும். அப்படிக் கருத்தரித்தால் என்ன ஆகும்? மூத்த குட்டிகள் பாலை விடும் நேரத்தில் இளைய குட்டிகள் வந்து நிற்கும். ஆய்வுக்கூட எலிக்கு உள்ள முலைக்காம்புகள் 12. ஓர் ஈற்றுக்கு எட்டு முதல் பத்துக் குட்டிகள். மூத்தவை இரண்டு நாள் தாமதித்தாலும் பன்னிரண்டு காம்புக்கு இருபது வாய் போட்டியிடும். அது மட்டுமன்று. பால் கொடுக்கும் தாய் எலி வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தீனி தின்றால்தான் தாக்குப்பிடிக்கும். அதே நேரத்தில் வயிற்றிலும் ஒரு கூட்டம் வளர்ந்தால்?

இந்தச் சிக்கலைத் தீர்க்கத் தாய் எலியிடம் நாட்காட்டி இல்லை. ஆனால் அதன் உடலுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. எத்தனை குட்டிகள் பால் குடிக்கின்றன, எவ்வளவு தீவிரமாகக் குடிக்கின்றன என்பதை அதன் மூளை உணர்கிறது. அதற்கேற்ப அடுத்த கர்ப்பத்தைத் தள்ளி வைக்கிறது. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்த ஏற்பாட்டைத்தான். படிவம் நான்கு உயிரியலில் எஃப்எஸ்எச், எல்எச், ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் என்று நான்கு பெயர்களை மனப்பாடம் செய்கிறீர்களே, அவை உயிருள்ள ஓர் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்பதும் இதில் விளங்கும்.

எந்த எலி?

திரிங்காப்பில் எலியை அறியாதவர் யாரும் இல்லை. காய்கறித் தோட்டத்தின் பொருள் கொட்டகை, கடைத்தெருவின் பின்பக்கக் கால்வாய், தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் கூரை என்று எங்கும் அதன் நடமாட்டம் உண்டு. நம் பிரிஞ்சாங் மலைக் காட்டில் வெள்ளை வயிறு கொண்ட எலி ஒன்று வாழ்கிறது. அதற்கு அறிவியலார் வைத்த பெயர் ‘நிவிவெண்டர் கெமரோனி’. கேமரன் மலையின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. இந்தக் கட்டுரையின் நாயகி அந்தக் காட்டு எலி அன்று. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் எலி ‘ராட்டஸ் நார்வெஜிகஸ்’ என்னும் பழுப்பு எலியின் வழிவந்தது. பால்காலத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அதனிடமிருந்து கிடைத்ததுதான்.

நான்கு நாள் கடிகாரம்

கர்ப்பமில்லாத பெண் எலியின் இனப்பெருக்கச் சுழற்சி நான்கு அல்லது ஐந்து நாளில் முடிந்துவிடும். பெண்களுக்கு ஏறத்தாழ 28 நாள் ஆகும் வேலையை எலியின் உடல் ஒரு பள்ளி வாரத்துக்குள் முடிக்கிறது. எலிக்கு மாதவிடாய்போல் இரத்தப்போக்கும் இல்லை. அப்படியானால் அது சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து எப்படிச் சொல்வது?

இதற்கு விடை தந்தவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் லாங், ஹெர்பர்ட் எவன்ஸ் ஆகிய இருவர். எலியின் பிறப்புறுப்புக் குழாயிலிருந்து சில உயிரணுக்களை மெல்ல எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உருண்டையான உயிரணுக்கள், செதில்போல் உலர்ந்த உயிரணுக்கள், வெள்ளணுக்கள் என்று நாளுக்கு நாள் காட்சி மாறியது. அந்தக் காட்சியை வைத்தே கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிக்க முடிந்தது. 1922இல் அவர்கள் வெளியிட்ட நூல் எலியின் சுழற்சியைப் பற்றிய அடிப்படை நூலாயிற்று. எலியைக் கொல்லாமல், அறுக்காமல் அதன் உள்கடிகாரத்தைப் படிக்கும் வழி அப்படிக் கிடைத்தது.

அந்தக் கடிகாரத்தின் சாவி மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில் இருக்கிறது. அது ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைத் தொடர்ச்சியாக ஊற்றுவதில்லை. துடிப்புத் துடிப்பாக, விட்டு விட்டு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்எச் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. எஃப்எஸ்எச் ஹார்மோனும் ஜிஎன்ஆர்எச்சின் தூண்டுதலால்தான் சுரக்கிறது. இந்த இரண்டும் சூலகத்தை அடைந்து கருமுட்டைப் பைகளை வளர்க்கின்றன. வளரும் பைகள் ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்கின்றன. ஈஸ்ட்ரோஜென் உச்சத்தைத் தொட்டதும் எல்எச் வெள்ளமாய்ப் பெருகுகிறது. எலியில் இது ஒரு குறிப்பிட்ட நாளின் பிற்பகலில் நடக்கும். அன்றிரவே கருமுட்டைகள் வெளிவரும்.

இதில் ஒன்றை நினைவில் வையுங்கள். துடிப்பு சீராக இருந்தால் கடிகாரம் ஓடும். துடிப்பு தளர்ந்தால் கடிகாரம் நிற்கும்.

நிறுத்துவது எது?

குட்டி ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் எலிக்கு ஒரு முறை கருமுட்டைகள் வெளிவருகின்றன. அதன்பிறகு, பால் கொடுக்கும் காலம் முழுவதும் சுழற்சி நின்றுவிடுகிறது. குட்டிகள் பால் மறந்த சில நாளில் மறுபடி தொடங்குகிறது. ஏன் நிற்கிறது?

நீங்கள் ஆய்வாளராக இருந்தால் என்ன ஊகிப்பீர்கள்? பால் சுரப்பதால் உடல் களைத்துப் போவதாலா? குட்டிகளின் மணத்தாலா? அல்லது குட்டிகள் காம்பைச் சப்புவதாலா?

1934இல் கனடாவின் மொன்ட்ரியல் நகரில் ஹன்ஸ் செல்யேயும் மெக்கியோனும் ஓர் எளிய சோதனையைச் செய்தார்கள். கர்ப்பமில்லாத எலிகளின் முலைக்காம்புகளைக் கருவி கொண்டு தூண்டினார்கள். அவ்வளவுதான். எலிகளின் சுழற்சி நின்று, கர்ப்பமானது போன்ற நிலை உண்டாயிற்று. இதைப் பொய்க்கர்ப்பம் என்பார்கள். குட்டி இல்லாமலே காம்பில் பட்ட தூண்டல் மட்டும் கடிகாரத்தை நிறுத்திவிட்டது. ஆக, செய்தி நரம்பு வழியாகப் போகிறது.

இன்னும் இரண்டு சோதனைகள் இதை உறுதி செய்தன. பால் கொடுக்கும் எலியிடமிருந்து எல்லாக் குட்டிகளையும் எடுத்துவிட்டால் சில நாளில் எல்எச் துடிப்புகள் திரும்புகின்றன, சுழற்சி தொடங்குகிறது. குட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாலோ அந்த ஓய்வின் பிடி தளர்கிறது. எட்டுக் குட்டிகள் சப்பும்போது அழுத்தமாக நிற்கும் கடிகாரம், இரண்டே குட்டிகள் இருந்தால் அவ்வளவு அழுத்தமாக நிற்பதில்லை. தீனியும் கணக்கில் சேர்கிறது. பால் கொடுக்கும் எலிக்குத் தீனியைக் குறைத்தால் அந்த ஓய்வு இன்னும் நீள்கிறது.

நம் தோட்டக்காரர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கொட்டகையில் எலிக்கூட்டைக் கண்டால் சிலர் குட்டிகளை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு வேலை முடிந்ததென்று போய்விடுவார்கள். தப்பித்த தாய்க்குச் சப்பும் வாய்கள் இல்லை. சில நாளில் அதன் சுழற்சி திரும்பும், மூன்று வாரத்துக்குப் பிறகு புது ஈற்று வரும். தீனி கிடைக்காமல் செய்வதும், பதுங்குமிடத்தை அடைப்பதும், தாயையும் சேர்த்துப் பிடிப்பதும்தான் பயன் தரும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எலியையோ அதன் கூட்டையோ வெறுங்கையால் தொடாதீர்கள். ‘கென்சிங் திக்குஸ்’ என்று நாம் அழைக்கும் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் உயிரைப் பறிக்கக்கூடியது.

பிரேக்கிலிருந்து காலை எடுப்பதுபோல்

குட்டி சப்பும் உணர்வு நரம்பு வழியே முதுகுத்தண்டில் ஏறி ஹைபோதலாமஸை அடைகிறது. அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, புரோலாக்டினை அவிழ்த்துவிடுவது. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினைச் சுரக்க எப்போதும் தயாராக இருக்கிறது. டோபமின் என்ற பொருள்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வளைவுப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி கீழே ஓட இயந்திரத்தை முடுக்க வேண்டியதில்லை. பிரேக்கில் உள்ள காலைச் சற்று எடுத்தாலே போதும். டோபமின்தான் அந்தப் பிரேக். குட்டிகள் சப்பத் தொடங்கியதும் டோபமின் குறைகிறது, புரோலாக்டின் இரத்தத்தில் பெருகுகிறது.

புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலியில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கருமுட்டை வெளிவந்தபின் சூலகத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திரள் எஞ்சுகிறது. வழக்கமான சுழற்சியில் அது சில நாளில் செயலிழக்கும். பால்காலத்தில் புரோலாக்டின் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அது புரோஜெஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கிறது. புரோஜெஸ்டிரோன் உள்ளவரை அடுத்த கருமுட்டைக்கு வழி திறப்பதில்லை.

இரண்டாவது வேலை, துடிப்பைத் தளர்த்துவது. ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்களைத் தட்டி எழுப்பும் பொருளுக்குக் கிஸ்பெப்டின் என்று பெயர். இதன் மரபணு 1996இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் கண்டறியப்பட்டது. அவ்வூரின் புகழ்பெற்ற ‘கிஸ்’ சாக்லேட்டின் பெயரை ஆய்வாளர்கள் அதற்குச் சூட்டிவிட்டார்கள். முதலில் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் மரபணுவாகத்தான் அதை அறிந்தார்கள். பருவமடைவதற்கும் அது இன்றியமையாதது என்பது 2003இல் தெரியவந்தது. பால் கொடுக்கும் எலிகளின் ஹைபோதலாமஸில் இந்தக் கிஸ்பெப்டின் குறைந்திருப்பதை 2007இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிஸ்பெப்டின் குறைந்தால் ஜிஎன்ஆர்எச் துடிப்பு தளரும். அது தளர்ந்தால் எல்எச் குறையும். எல்எச் குறைந்தால் கருமுட்டைப் பை முதிராது. சங்கிலியின் முதல் கண்ணியை இறுக்கினால் கடைசிக் கண்ணி வரை நின்றுவிடுகிறது பாருங்கள்!

காத்திருக்கும் கரு

இப்போது முதலில் போட்ட கணக்குக்குத் திரும்புவோம். குட்டி ஈன்ற அன்றே தாய் எலி கருத்தரித்துவிட்டது என்று வையுங்கள். சுழற்சி அதன்பிறகு நின்று என்ன பயன்? கருதான் உண்டாகிவிட்டதே!

இங்கேதான் வியப்பு. கரு உண்டாகிறது, பிளவுபடுகிறது, ஏறத்தாழ நூறு உயிரணுக்கள் கொண்ட சிறு பந்தாகிக் கருப்பைக்குள் வந்து சேர்கிறது. ஆனால் கருப்பைச் சுவரில் ஒட்டுவதில்லை. வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிட்டு அப்படியே காத்துக் கிடக்கிறது. வழக்கமாகக் கரு பதிவதற்குப் புரோஜெஸ்டிரோனோடு ஒரு சிறு அளவு ஈஸ்ட்ரோஜெனும் வேண்டும். பால்காலத்தில் எல்எச் குறைவாக இருப்பதால் அந்த ஈஸ்ட்ரோஜென் கிடைப்பதில்லை. குட்டிகள் வளர்ந்து, சப்புவது குறைந்து, சூலகம் மெல்ல விழித்து அந்தச் சிறு அளவு ஈஸ்ட்ரோஜெனைத் தந்ததும் கரு விழித்துக்கொள்கிறது, சுவரில் பதிகிறது. இதனால் 22 நாள் கர்ப்பம் ஒரு வாரமோ அதற்கு மேலுமோ நீளலாம். ஒன்றிரண்டு குட்டிகள் மட்டுமே பால் குடித்தால் இந்தத் தாமதம் பெரும்பாலும் ஏற்படுவதில்லை.

பால் கொடுக்கும் கொறிவிலங்குகளின் கர்ப்பம் நீள்வதை 1891இலேயே பிரெஞ்சு விலங்கியலாளர் பெர்னான் லதஸ்த் எழுதி வைத்தார். ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. காரணத்தை அறியப் பல பத்தாண்டுகள் ஆயின. அதில் இந்தியர்களுக்கும் பங்குண்டு. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர். மௌட்கல் தலைமையிலான குழு 1970களில் எலிகளிடம் எல்எச் ஹார்மோனின் பங்கை ஆராய்ந்தது. அவர்களின் வழி கூர்மையானது. சுரப்பியை அறுத்து எடுப்பதற்குப் பதிலாக, எல்எச்சை மட்டும் முறிக்கும் எதிர்ப்பொருளை எலிக்குச் செலுத்தினார்கள். மற்ற ஹார்மோன்கள் அப்படியே இருக்க, எல்எச் ஒன்று மட்டும் செயலற்றுப் போனால் என்ன நிற்கிறது என்று பார்த்தார்கள். கரு பதிவதற்கும் கர்ப்பம் நிலைப்பதற்கும் எல்எச் தேவை என்பது இத்தகைய சோதனைகளால் தெளிவாயிற்று. ஒரு கூட்டத்தில் ஒருவரின் பங்கை அறிய வேண்டுமா? அவரை மட்டும் ஒரு நாள் விடுப்பில் அனுப்பிப் பாருங்கள். அறிவியல் சோதனையின் அடிப்படை இதுதான்.

எலி வேறு, மனிதர் வேறு

“பிள்ளைக்குப் பால் கொடுக்கும் வரைக்கும் அடுத்தது தங்காது” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மெய்யா? பாதி மெய். அந்த மறுபாதியை அறியாததால் பல குடும்பங்கள் எதிர்பாராத கர்ப்பத்தைச் சந்தித்திருக்கின்றன.

மெய்யான பாதி இது: மனிதத் தாயிடமும் குழந்தை சப்பும் தூண்டல் ஜிஎன்ஆர்எச் துடிப்பைக் கலைக்கிறது, புரோலாக்டினை உயர்த்துகிறது. ஆனால் எலியிடம் கண்ட எல்லாவற்றையும் மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. மனிதரிடம் கார்பஸ் லூட்டியத்தைத் தாங்குவது புரோலாக்டின் அன்று. பிரசவமான மறுநாளே கருத்தரிக்கும் ஏற்பாடும் நமக்கு இல்லை. பாலூட்டுவதால் கரு பதியாமல் காத்திருப்பதும் இல்லை.

1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ என்ற ஊரில் கூடிய வல்லுநர்கள் மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. குழந்தை முழுமையாகவோ ஏறக்குறைய முழுமையாகவோ தாய்ப்பாலை மட்டுமே குடிக்க வேண்டும். மூன்றும் ஒருசேர இருந்தால் கர்ப்பம் தங்காமல் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 98 விழுக்காடு. ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது. குழந்தைக்கு ஆறு மாதம் கடந்த பிறகு, மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடவும் கூடும். அதாவது எந்த அறிகுறியும் இல்லாமலே கர்ப்பம் தங்கலாம். பால் கொடுக்காத தாய்க்கோ பிரசவமான நான்கே வாரத்தில்கூடக் கருமுட்டை வெளிவரலாம்.

எலியிடம் கற்ற ஒரு பாடம் மட்டும் நமக்கும் பொருந்துகிறது: எவ்வளவு பால் என்பதைவிட எத்தனை முறை சப்பியது என்பது முக்கியம். ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த குங் மக்களை மெல்வின் கோனர், கரோல் வொர்த்மன் ஆகியோர் ஆராய்ந்து 1980இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தத் தாய்மார்கள் குழந்தையை உடலோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். பகலில் மணிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடமே பால் கொடுத்தார்கள். கருத்தடை முறை எதுவும் இல்லாமலே ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நான்காண்டுக்கு நெருக்கமான இடைவெளி இருந்தது.

தேயிலைக் கூடையும் பால்புட்டியும்

இதை நம் தோட்ட வாழ்க்கையோடு வைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் விடியலிலேயே கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் கூடையோடு மலைச்சரிவுக்குப் போனவர்கள். நண்பகல் வரை குழந்தை சப்பவில்லை என்றால் தாயின் மூளைக்கு அந்தச் செய்தியும் போகவில்லை. இடையில் புட்டிப்பால் வந்தால் இடைவெளி இன்னும் கூடும். அக்காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இனிப்பூட்டிய டின்பால் குழந்தைக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்யப்பட்டது. அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’. சத்துக் குறைந்த அந்தப் பாலால் குழந்தைகள் மாண்டதைத்தான் அவர் கண்டித்தார். ஹார்மோன் கண்ணால் பார்த்தால் இன்னோர் இழப்பும் தெரிகிறது. புட்டி வந்த வீட்டில் சப்பும் தூண்டல் குறைந்து, அடுத்த கர்ப்பமும் விரைந்து வந்திருக்கக்கூடும்.

இன்று நிலை மாறியிருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. ஆனால் பெல்லாஜியோ நிபந்தனை பேசுவது ஆறு மாதத்தை, அதாவது ஏறத்தாழ 180 நாளை. 98ஆம் நாளுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் தாய், பாலைப் பிழிந்து குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் குழந்தைக்கு நல்ல பால் கிடைக்கும். அது மிக நல்லது. ஆனால் குழந்தை நேரடியாகச் சப்பும்போது மூளைக்குப் போகும் செய்தி அதே அளவில் போகும் என்று நம்பியிருக்க முடியாது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த இடைவெளியை வெறும் நம்பிக்கையிடம் ஒப்படைக்காமல், தாய்சேய் நலக் கிளினிக்கில் கேட்டு முடிவெடுப்பதே அறிவுடைமை. வீட்டில் அக்காவோ அண்ணியோ இருந்தால் அந்த மூன்று நிபந்தனைகளையும் எடுத்துச் சொல்லுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

இரண்டு தாய் எலிகள் ஒரே நாளில் குட்டி ஈன்று, அன்றே கருத்தரித்தன. ஒன்றிடம் இரண்டு குட்டிகளையும் மற்றொன்றிடம் பத்துக் குட்டிகளையும் விட்டோம்.

1. எந்தத் தாயின் அடுத்த ஈற்று முதலில் வரும்? ஏன்?

2. பத்துக் குட்டிகள் உள்ள தாய்க்கு ஐந்தாம் நாளில் சிறு அளவு ஈஸ்ட்ரோஜென் ஊசி போட்டால் உள்ளே காத்திருக்கும் கரு என்ன செய்யும்?

3. அதே தாய்க்கு எல்எச்சை முறிக்கும் எதிர்ப்பொருளையும் ஈஸ்ட்ரோஜெனையும் சேர்த்துக் கொடுத்தால், விடையைக் கண்டறிய எந்த ஒப்பீட்டுக் குழுக்களை வைப்பீர்கள்?

முதல் இரண்டுக்கும் விடை மேலே இருக்கிறது. மூன்றாவதற்குக் காகிதத்தில் ஒரு சோதனைத் திட்டம் வரைந்து, உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டி வாதிடுங்கள்.